பூனை வலை கட்டிய இடம்

எங்கள் வீட்டுப் பூனை இறால் தின்னாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில், ஏரியிலும் கடலிலும் வலை போட்டுப் பிழைக்கும் குப்பத்தில் பிறந்த பூனைக்கு இறால் பிடிக்காது என்றால் யார் நம்புவார்கள்? நைனா கூடையை இறக்கி வைத்ததும் அதுதான் முதலில் வரும். இறால் வாங்க வரும் ஏற்றுமதிக் கம்பெனி ஆள் மாதிரி கூடை கூடையாக மோந்து பார்க்கும். பிறகு திரும்பி நடந்து, பொறை ரொட்டி போட்டு வைத்திருக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். "கம்பெனி சூப்பர்வைசரு பாத்துட்டாரு. மால் தேறாதாம்" என்பார் நைனா. ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பா என்றால் நைனாதான்.

அம்மா பூனையை மரியாதையாக 'அவரு' என்றுதான் சொல்வாள். அவரு இன்னும் சாப்பிடவில்லை, அவருக்கு இன்றைக்கு மூஞ்சி சரியில்லை என்று அடுப்படியில் இருந்து சொன்னால், எந்த அவர் என்று நைனா வாசலில் இருந்து கேட்பார். வாலில் பாதி இல்லாத அவர் என்பாள். பாதி வால், கிழிந்த இடது காது, தண்ணீரைக் கண்டால் நடுக்கம். இப்படி ஒரு பூனையை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வருடக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுக்குள் இருந்தால்தான் அது ஜோக். வாசலைத் தாண்டினால் ஒன்றுமில்லை.

அதை வாசலைத் தாண்ட வைத்தது நான்.

எனக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. பொன்னேரியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் போடுகிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. நாள் முழுக்க யாரோ ஒருவருடைய முகத்தைப் பழைய போட்டோவில் இருந்து வெட்டி எடுத்துப் பூவுக்கு நடுவில் ஒட்டுவேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ். உட்கார இடம் கிடைத்தால் கால் ஆடும், நின்றால் விரல் கம்பியில் தாளம் போடும். பக்கத்தில் நிற்கிற பொம்பளைகள் முறைப்பார்கள். அப்படி ஒரு நாள் தாளம் போட்டு அலுத்து, போனில் விரலால் பூனையை வரைய ஆரம்பித்தேன். நாலு கட்டம். முதல் கட்டத்தில் பூனை டை கட்டிக்கொண்டு வருகிறது. இரண்டாவதில் கூடையை மோந்து பார்க்கிறது. மூன்றாவதில் மூக்கைப் பொத்திக்கொள்கிறது. நாலாவதில் மேஜை போட்டு உட்கார்ந்து பொறை தின்றுகொண்டே 'அடுத்த கூடை' என்கிறது.

என் பெயர் போடாமல், பூனையின் படத்தை மட்டும் முகப்பில் வைத்து ஒரு பக்கம் திறந்து அதைப் போட்டேன். எங்கெங்கோ இருந்தவர்கள் சிரித்தார்கள். குப்பத்துப் பக்கமே வந்திராதவர்கள், இறாலை உரித்த இறாலாக மட்டுமே பார்த்தவர்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், தலைகால் புரியவில்லை. சில மாதம் கழித்துச் சென்னையில் இருந்து ஓர் இணைய இதழ்க்காரப் பெண் பேசினாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். எனக்கு எதிலுமே அவசரம்தான்.

வெள்ளிக்கிழமை எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வருடக்கணக்காகச் சேர்ந்த ஜோக்குகளை நான் நாலு மாதத்தில் தின்று தீர்த்துவிட்டேன். ஒரு வீடு வாரத்துக்கு ஒரு ஜோக் பெற்றுக்கொடுக்குமா? சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். யாராவது சிரித்தால் உடனே குறித்துக்கொள்வேன். அம்மாவுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு எதையாவது சொல்லிவிட்டு, இதைப் படத்தில் போடாதடி என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். கடைசியில் அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

நைனாவின் விஷயம் அதைவிட மோசம். அவர் என் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, காட்டு என்று கேட்டதும் இல்லை. ஆனால் வேண்டுமென்றே ஜோக் சொல்ல ஆரம்பித்தார். கரையில் இருந்து வரும்போதே ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டு வருவார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என் போன் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பிறகு பூனையைப் பற்றி ஏதோ சொல்வார். சிரிப்பே வராது. நான் சிரித்துவைப்பேன். அது அவருக்குத் தெரியும். அப்போது எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. 

அந்த வியாழக்கிழமை என்னிடம் எதுவும் இல்லை. கடையில் காலையில் இருந்து மூன்று பேனர், மூன்றும் கல்யாணம். மதியம் சாப்பிடாமல் பூனையை நாலு விதமாக வரைந்து நாலையும் அழித்தேன். மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டும். சாயந்தரம் பஸ்ஸில், நான் தொடாமல் விட்டிருந்த ஒரே ஒரு ஜோக் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் வீட்டிலேயே பெரிய ஜோக் அதுதான். ஏன் தொடாமல் விட்டிருந்தேன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

அதைச் சொல்வதற்கு முன்னால் பாடு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. அங்கே எல்லோரும் எல்லா நாளும் வலை கட்ட முடியாது. எந்த நாள், எந்த இடம், எந்த வீடு என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைதான் பாடு. உன் நாளில் உனக்குக் காய்ச்சல் என்றால் அந்த நாள் போனது போனதுதான். இன்னொரு வீட்டுக்காரன் தன் நாளில் போகவில்லை என்றாலும் அந்த இடத்தை நீ தொடக்கூடாது. சும்மா கிடந்தால் கிடக்கட்டும். பாடு இருக்கிறவன்தான் எங்கள் ஊரில் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறவன். பாடு நிறுத்தப்பட்டவன் அடுத்தவன் படகில் ஆளாகப் போக வேண்டும். கூட்டத்தில் ஓரமாக நிற்க வேண்டும்.

நைனாவுக்கு முந்தின வருஷம் முறை வந்த நாளில் எழுந்திருக்க முடியாத காய்ச்சல். நாள் போயிற்று. அதற்கு அடுத்த வாரம் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருவரின் அப்பா தவறிப்போனார். அந்த மகனுடைய முறை வந்த நாளில்தான் அவர் வீட்டில் காரியம். ஊரே அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தது. நைனாவும் சாப்பிட்டார், கை கழுவினார், சத்தம் போடாமல் சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். பகலில் இறால் அதிகம் விழாது. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது, கலங்கலில் பகலிலும் விழும். அதுதான் அவரை இழுத்திருக்க வேண்டும். பாதி ஏரி போன பிறகுதான், படகின் முன்பக்கம் சுருட்டி வைத்த வலைக்குள் பூனை தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். தண்ணீரைக் கண்டு அது கத்திய கத்தில் முகத்துவாரமே திரும்பிப் பார்த்திருக்கும், யாரும் இல்லாததால் தப்பித்தார்.

பொழுது சாய வீட்டுக்கு வந்து கூடையை வைத்தார். அம்மா கூடையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கு ஏது என்று கேட்டாள்.

"நான் எங்க போனேன்? அவருதான் போனாரு. நான் சும்மா துடுப்பு போட்டேன்" என்றார் நைனா, பூனையைக் காட்டி.

அம்மா திட்ட வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் முறை தவறி யார் எதைச் செய்தாலும் அது பூனையின் பாடு. எனக்கு வைத்த வடையை நைனா தின்றால் பூனையின் பாடு. அம்மா குளிக்கப் போகும் நேரத்தில் நான் பாத்ரூமுக்குள் புகுந்தால் பூனையின் பாடு. இதை வெளியே சொல்லக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள், அதனால்தான் கேட்கவில்லை.

எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படத்தில் நைனா இல்லை. ஆளே இல்லை. பூனை தனியாகப் படகு ஓட்டுகிறது. பூனைக்கு எந்த ஊரில் பாடு இருக்கிறது? முதல் கட்டத்தில் பூனை கயிற்றை அவிழ்க்கிறது. இரண்டாவதில் வலை கட்டக் கழியை ஊன்றிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று வலது பக்கம் பார்க்கிறது. மூன்றாவதில் இடது பக்கம் பார்க்கிறது. நாலாவதில், 'காரிய வீட்ல பந்தி நடக்குது, ஒருத்தனும் வரமாட்டான்' என்று சொல்லிப் பொறையைக் கடிக்கிறது. அந்த வசனம் நைனா வீட்டில் சொன்னது. அப்படியே போட்டேன்.

இரண்டாவது கட்டத்திலும் மூன்றாவது கட்டத்திலும் பூனைக்குப் பின்னால் காலியாக இருந்தது. வெறும் வெள்ளையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கரையை வரைந்தேன்.

ஏரியில் கோடு போட்டு இடம் குறிக்க முடியாது. அதனால் கரையில் இருக்கிற இரண்டு பொருள் ஒன்றின் பின்னால் ஒன்று எப்படி நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு பக்கம் அப்படி இரண்டு, இன்னொரு பக்கம் அப்படி இரண்டு. நாலும் சரியாக நின்றால் அதுதான் இடம். அடையாளம் பார்ப்பது என்று சொல்வோம். பெண்பிள்ளைகளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் பாலம் வருவதற்கு முன்னால் நான் படகில் ஏரியைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். படகில் சும்மா உட்கார முடியாமல், கலங்கரை விளக்கம் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிவதையும் மறுபடி வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே போவேன். வீட்டில் நைனா தன் இடங்களைப் பற்றிப் பேசும்போது டம்ளரையும் சொம்பையும் நகர்த்தி வைத்துக் காட்டுவார். டம்ளர் லைட்டவுஸ், சொம்பு தொட்டி. அவர் அம்மாவுக்குக் காட்டினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பூனை வலது பக்கம் பார்த்தபோது, கலங்கரை விளக்கத்தின் இடது விளிம்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர்த்தொட்டியை நிறுத்தினேன். இடது பக்கம் பார்த்தபோது, கோயில் கோபுரத்துக்கு நேர் மேலே செல்போன் டவரை நிறுத்தினேன். வேறு மாதிரி வரைய எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இடத்தில் இருந்து பார்த்தால் அவை அப்படித்தான் நிற்கும். ஒரு விரல் அகலம் தள்ளி வரைந்திருந்தாலும் போதும். தள்ளி வரைந்தால் என் கைக்கே தப்பாகப் பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. முன்பு எதற்கும் இல்லாத அளவு சிரிப்பு. கடையில் பேனருக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக்குளத்தில் இருந்து வந்த ஒரு வாடிக்கையாளர், கல்யாண மாப்பிள்ளையின் தலை சாய்ந்திருக்கிறது என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன் எவனோ அதைக் குப்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். நம்ம ஊரு பூனை என்று சிரிப்பு பொம்மை வேறு. பாதி வாலும் கிழிந்த காதும் யாருக்குத் தெரியாது? முதலில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஒருவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வெளியே இருப்பவர்கள் பூனையைப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பூனைக்குப் பின்னால் பார்த்தார்கள்.

சனிக்கிழமை சாயந்தரம் நாலு வீடு தள்ளி இருக்கிறவர் வந்தார். அந்த நாளின் பாடு யாருடையதோ அவர், அப்பாவைப் பறிகொடுத்தவர். வாசலிலேயே நின்றார், அம்மா உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. போனை நைனாவிடம் நீட்டினார்.

"மாமா, இது எந்த எடம்னு பாத்து சொல்லுங்க."

நைனா போனைக் கையில் வாங்கி, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். என் படத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெகு நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். வந்தவர், நாளைக் காலையில் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே படத்தை எடுத்துவிட்டேன், இதழ்க்காரப் பெண்ணிடமும் எடுக்கச் சொன்னேன். குப்பத்தில் எல்லார் போனிலும் அது இருந்தது. வீட்டுக்குள் நடந்தேன், வெளியே நடந்தேன். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். நைனாவுக்கு எதிரே போய் நிற்பேன், திரும்பி வந்துவிடுவேன். அவர் வலையில் ஒரு கிழிசலை எடுத்து வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மாதான் திட்டினாள். வீட்டுக்குள் ஒருத்தியை உளவு வைத்த மாதிரி ஆகிவிட்டது என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன். படம் நான் வரைந்தது. நான் பொம்பளை, எனக்கு அடையாளம் தெரியாது. கரை என்று எதையோ கிறுக்கி வைத்தேன், அது தற்செயலாக அப்படி நின்றுவிட்டது. வசனம் நானே எழுதியது. நைனா அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தார். அவ்வளவுதான். அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கதை நிற்கும் என்றாள். நான் இதை நைனாவின் காதில் விழும்படிதான் சொன்னேன். அவர் ஊசியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் பக்கத்தில் வலை உலர்த்துகிற கொட்டகையில் கூட்டம். பெண்கள் அங்கே உட்காருவதில்லை. வரைந்தவள் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். நைனா நடுவில் நின்றார். வழக்கமாக அவர் உட்காருகிற இடத்தில் யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள்.  பாடு போனால் அந்த இடமும் போகும்.

தலைவர் கெட்டவர் இல்லை. நைனாவோடு சின்ன வயதில் கடலுக்குப் போனவர். விஷயத்தைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒப்பித்தேன். இரவெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கலில்லாமல் வந்தது.

"எனுக்கு அடையாளம்லாம் தெரியாது தலைவரே. சும்மா கரைனு இன்னாத்தையோ கிறுக்கி வெச்சேன்."

நாலு வீடு தள்ளி இருக்கிறவர் எழுந்தார். சத்தம் போடவில்லை. "எங்க அப்பாவுக்கு கண்ணீர் அஞ்சலி பேனரு நீதானம்மா போட்டுக் குடுத்த" என்றார். "அவரு போட்டோல கண்ணு சரியா தெரியலன்னு நீயே சரி பண்ணிக் குடுத்த. அவரு காரியத்துல பந்தி நடக்குதுன்னு எழுதி சிரிப்பு காட்டிகிறியே."

 அந்தக் கண்களை அரை நாள் உட்கார்ந்து சரிசெய்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அதே மனிதரின் சாவை வைத்து ஒரு கட்டத்தை நிரப்பியபோது அது ஞாபகத்தில் இல்லை. மன்னித்துவிடுங்கள் மாமா என்றேன். ஒப்பித்ததில் அது இல்லை. அது மட்டும்தான் உண்மையாக வந்தது.

தலைவர் தாடையைத் தடவினார். பிறகு பொதுவாகச் சொன்னார். பேச்சு தப்பு, அதற்குப் பொண்ணு மன்னிப்புக் கேட்டுவிட்டது. மற்றபடி பொம்மைப் படம்தானே. பொம்பளைப் பிள்ளைக்கு ஏரியில் இடம் எப்படித் தெரியும்? ஏதோ கிறுக்கியிருக்கிறது, நிற்கிற மாதிரி நின்றுவிட்டது. யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கொட்டகையில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். யாருக்கும் நைனாவின் பேரைப் பட்டியலில் இருந்து எடுக்க ஆசை இல்லை. அப்பாவைப் பறிகொடுத்தவர்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் நைனாவின் பக்கம் திரும்பினார்.

"படத்துல இருக்கிறது தப்புனு ஒரு வார்த்த சொல்லிடுப்பா. பேச்ச முடிச்சிக்கலாம்."

 ஒரே ஒரு வார்த்தை. நைனா யாரோ நீட்டிய போனை வாங்கி மறுபடியும் படத்தைப் பார்த்தார். முந்தின நாள் போலவே தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"தப்பு இல்ல" என்றார். "லைட்டவுசும் தொட்டியும் சுத்தமா நிக்குது. டவரும் சரியா கீது. நான்தான் போனேன்."

 நைனா அப்பாவைப் பறிகொடுத்தவரின் பக்கம் திரும்பி, காரியத்தன்று கை நனைத்த வீட்டுக்குத் தான் செய்தது துரோகம் என்றார். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார். தலைவர் முகம் வாடிப்போய்விட்டது. அவருக்கு வேறு வழி இல்லை. வருகிற சுற்று முழுக்க எங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாது என்று சொன்னார்கள். நைனா சரி என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

நான் அவர் பின்னால் கிட்டத்தட்ட ஓடினேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும், ஊரே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தது, நான் அத்தனை பேருக்கு முன்னால் வாய் கூசாமல் பொய் சொன்னது எதற்கு என்று நடந்துகொண்டே கத்தினேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நைனா வேகத்தைக் குறைக்கவில்லை. ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்கு வந்ததும் நின்றார். முந்தின நாளில் இருந்து அவர் என்னிடம் பேசவே இல்லை. அப்போதுதான் பேசினார்.

"அந்தப் படத்த இன்னொரு தபா வரையச் சொன்னா வரைவியா?"

வரைவேன் என்றேன். இனிமேல் சத்தியமாக வரைய மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அத கேக்கல. அதே மாதிரி வருமா?"

"வரும்."

"லைட்டவுஸு அங்கதான் நிக்குமா?"

"அங்கதான் நைனா நிக்கும். அந்த எடத்துல வேற எங்க நிக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகத்தான் இருந்தார். அந்தக் கோபம் படத்துக்காக என்றும், பாடு போனதற்காக என்றும், ஊருக்கு முன்னால் தலைகுனிய வைத்ததற்காக என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வதற்குத் தயாராக நின்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு அத்தினி பேர் எதிர்ல அடையாளம் தெரியாதுன்னு சொன்ன?" என்றார்.

 அவர் அதற்குமேல் நிற்கவில்லை. மறுநாளில் இருந்து தலைவரின் படகில் ஆளாகப் போக ஆரம்பித்தார்.